வயலில் நட்ட கூரைக்குழாய்

வலது கையை முழங்கை வரை குழாய்க்குள் விட்டு, முதலில் தவளையை எடுத்து வரப்பில் வைக்கிறாள் பெர்பெத்துவா. தினமும் வருவது ஒரே தவளைதான் என்று சாதிக்கிறாள். "அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை குடுக்கணும் நீ" என்று அதை மிரட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும், உகாலி என்கிற சோளமாவுக் களி கிண்டுகிற மரக்கரண்டியை உருவிக் குழாய்க்குள் இறக்குகிறாள். வெளியே எடுத்து, ஈரம் ஏறிய இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்க்கிறாள். கரண்டியில் ஆணியால் கீறிய ஏழு கோடுகள். நாலு கோடு நனைந்திருந்தால் வயலுக்கு இன்னும் தாகம் எடுக்கவில்லை. இரண்டு கோடானால் மடையைத் திறக்கலாம்.

மதியம் அதே கரண்டியால்தான் உகாலி கிண்டுகிறாள். கழுவிவிட்டுத்தான். "கழுவினியான்னு ஒரு நாள் கேட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் சோளமாவை அப்படியே முழுங்கற நிலைமை வந்துது" என்கிறார் அவள் கணவர் கிச்சோபி.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகன் முனேனே நைரோபிக்குப் போனபோது விட்டுச்சென்ற ரப்பர் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். இரண்டு அளவு பெரியது. முன்பக்கம் பழைய செய்தித்தாளை அடைத்திருப்பாள். அந்தச் சரக்சரக் சத்தம் கேட்டால் எங்கள் வாய்க்காலில் எல்லோரும் அவசரமாக வேறு பக்கம் பார்ப்போம். மாட்டினால் நம் வயலுக்குள் இறங்கி, விரலை விட்டுத் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து, "இது நெல்லா மீனா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கழுத்து வரை தண்ணீரில் நிற்கிற பயிருக்குச் சோம்பேறி வேர் என்பது அவள் கட்சி. "செல்லம் குடுத்துக் கெடுக்காதீங்க. தாகம் எடுத்தாத்தான் வேர் கீழ தேடிப் போகும். நீங்க தொட்டில்ல போட்டுப் பால் குடுக்கறீங்க."

இதெல்லாம் போன வருடம் தொற்றிக்கொண்டது. கோழி வறுவலும் சோடாவும் கொடுத்த ஒரு வயல்வெளிக் கூட்டத்துக்கு எங்கள் வாய்க்காலிலிருந்து பதினான்கு பேர் போனோம். பதின்மூன்று பேருக்குக் கோழி நினைவிருக்கிறது. பெர்பெத்துவாவுக்குக் குழாய். நெல்லில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம் என்றார்கள். மேலே வெடித்துக் கிடந்தாலும் அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கத் துளை போட்ட குழாய் ஒன்றைப் பாதி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஒரு சாண் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கிற சமயம் மட்டும் காயவிடக் கூடாது.

ஒரு வருடம் அதையே பேசிக்கொண்டிருந்தவள், இந்தப் பருவ நடவுக்கு முன்னால் ஏணியைச் சாத்தி, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் இறக்குகிற குழாய்கள் இரண்டில் ஒன்றைக் கழற்றினாள். கரி அடுப்பில் நாலங்குல ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, அதில் துளை துளையாகச் சுட்டாள். நாற்று நட்ட வாரமே பெரிய மழை ஒன்று பெய்தது. குழாய் இருந்த இடத்தில் தண்ணீர் சுவரோடு இறங்கிப் படுக்கையறைக்குள் போனது. கிச்சோபி மெத்தையை வெளியே இழுத்துப்போட்டு இரண்டு நாள் காயவைத்தார். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு நெல்லுக் கிடங்குக்குக் குடிபோனார். "வீட்டுக்குள்ள வெள்ளம், வயல்ல வறட்சி. எம்பொண்டாட்டி தலைகீழா விவசாயம் பண்றா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பெர்பெத்துவா அசரவில்லை.

அவள் அசராததற்குக் காரணம் கடைமடையில் இருந்தது. தங்கை தொமித்தில்லா.

அவர்கள் அப்பாவுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று வாய்க்காலின் தலைமடையில், ஒன்று கடைமடையில். அவர் போனபிறகு, ஒரு கம்பூட்ஸுக்குள் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். மூத்தவள் முதலில் கை விட்டாள். தலைமடை வந்தது. "உள்ள விரலால தடவிப் பாத்தா, நான் பாத்தேன்" என்கிறாள் தொமித்தில்லா. "என் விரல்ல கண்ணா இருக்கு?" என்கிறாள் பெர்பெத்துவா. ஒன்பது வருடமாக இருவரும் நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆடு போதும். போன கிறிஸ்துமஸில் தொமித்தில்லா ஒரு வெள்ளாட்டைப் பார்த்து, "சொல்லு அவகிட்ட, கறியில உப்பு பத்தல" என்றதை நானே கேட்டேன். அது சொல்லவில்லை. ஆனால் உப்பு வந்தது.

கடைமடைக்கு மூன்று பருவமாகத் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை. இந்த ஆகஸ்டில் நாங்கள் எல்லோரும் நட்டு மூன்று வாரமாகியும் தொமித்தில்லாவின் நாற்று நாற்றங்காலிலேயே நின்றது. வயது முப்பத்திரண்டு நாள். இன்னும் ஒரு வாரம் போனால் கிழட்டு நாற்று. நட்டால் தூர் கட்டாது, நடாவிட்டால் இந்த வருடமும் பீன்ஸ்தான்.

பெர்பெத்துவா மடைக்காரர் முரியுக்கியைப் போய்ப் பிடித்தாள். வாய்க்காலில் தண்ணீர் வருவது புதனும் வியாழனும். புதன் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அவள் முறை. "என் வயலுக்கு இந்த வாரம் தாகம் இல்ல. என் முறையைக் கடைமடைக்கு விடு."

முரியுக்கி சட்டத்துக்காகவே பிறந்தவர். சாவிக்கொத்தை வயிற்றில் தட்டியபடி யோசித்தார். "புதன் மத்தியானம் வந்து பாப்பேன். உன் மடை மூடியிருந்தா, நடு மடைக்காரங்க முறையைப் பின்னால தள்ளி, அவங்க மடைகளைப் பூட்டிட்டு உன் ஆறு மணி நேரத்தைக் கீழ விடறேன். மடை திறந்திருந்துதுன்னா நீ குடிச்சாச்சு. குடிச்சவளுக்குக் குடுக்கறதுக்கு முறை கிடையாது."

இந்த ஒப்பந்தம் எங்கள் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது வேறு.

மெத்தை வெளியே வந்ததைப் பார்த்தோம். கிச்சோபி கிடங்குக்குப் போனதைப் பார்த்தோம். பிறகு சாலையோரத்திலேயே இருக்கிற அந்த வயல், நட்ட பயிரோடு, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தோம். மூன்றையும் கூட்டினால் என்ன வரும்? மாதா கோவில் பெண்கள் சங்கத்துத் தலைவி வாங்கேச்சி கூட்டிச் சொன்னாள். "குடும்பம் உடைஞ்சுடுச்சு. பாவம், படுத்த படுக்கையா இருக்காளோ என்னவோ."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டப்படுகிற வீட்டுக்குள் நுழைந்து, என்ன ஆச்சு என்று கேட்பது மரியாதை இல்லை. முதலில் வயலுக்குப் போய் அங்கே விட்டுப்போன வேலையை முடித்துவிட வேண்டும். பிறகு கை கால் கழுவிக்கொண்டு கதவைத் தட்டலாம். அந்தப் புதன்கிழமை காலை நாங்கள் எட்டுப் பேர், நீலத் தலைத்துணி கட்டிக்கொண்டு, சோளமாவு, சர்க்கரை, தேயிலை, உயிரோடு ஒரு கோழி சகிதம் போனோம். சர்க்கரை என்னுடையது. போகிற வழியில் பெர்பெத்துவாவின் மடையைத் திறந்துவிட்டோம். வெடிப்புகளுக்குள் தண்ணீர் களகளவென்று இறங்கியபோது வாங்கேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் பெர்பெத்துவா இல்லை. கிச்சோபி இருந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவரும் கேட்கவில்லை. அவருக்கும் மரியாதை தெரியும். நாங்கள் போட்ட தேநீரை நாங்கள் கொண்டுவந்த சர்க்கரையோடு மூன்று சுற்றுக் குடித்து, அவரை நடுவில் உட்காரவைத்துச் சமாதானத்துக்காக ஒரு பாட்டும் பாடினோம். அவரும் சேர்ந்து பாடினார்.

பதினொன்றரைக்குச் சரக்சரக். ஊருக்குப் போய்ச் சனிக்கிழமை நடவுக்கு எட்டு ஆள் பேசிவிட்டு, பின்பக்கமாகக் குறுக்கே வந்தவள் வாசலில் நின்றாள். அவள் வயலுக்கான நடவு இல்லை அது. அவள் வயல் எப்போதோ நட்டாயிற்று.

"உக்காரு, முனேனே அம்மா" என்றாள் வாங்கேச்சி. "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். மெத்தை வெளிய வந்தப்பவே எங்களுக்குப் புரிஞ்சுடுச்சு."

"என்ன புரிஞ்சுது? மெத்தை நனைஞ்சுது."

"அப்ப இவர் ஏன் கிடங்குல படுக்கறார்?"

"அங்க ஒழுகல" என்றார் கிச்சோபி, கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"அப்ப வயல் ஏன் அப்படிக் கிடக்கு?"

"நான்தான் காயப்போட்டிருக்கேன். அதுக்குத்தானே குழாய் வச்சிருக்கேன், ஒரு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன்!"

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கோழி மட்டும் ஏதோ சொன்னது. வாங்கேச்சி எந்த நிலைமையிலும் நல்ல செய்தியைத் தேடி எடுக்கக்கூடியவள். "சரி விடு. எப்படியோ இனிமே கவலை இல்ல. காலைலயே உன் மடையைத் திறந்து விட்டுட்டோம். வரப்பு வழியற அளவுக்கு நிக்குது!"

பெர்பெத்துவா கத்தவில்லை. இடுப்பிலிருந்து கரண்டியை உருவினாள். வாங்கேச்சி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். ஆனால் அவள் வயலுக்குத்தான் போனாள். நாங்கள் எட்டுப் பேரும், கோப்பையோடு கிச்சோபியும் பின்னால் போனோம். கரண்டியைக் குழாய்க்குள் விட்டு எடுத்தாள். ஏழு கோடும் நனைந்து, பிடியும் நனைந்திருந்தது. தவளை மேலே மிதந்துகொண்டிருந்தது.

முரியுக்கி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். "திறந்த மடை, குடிச்ச மடை" என்றார். "யார் திறந்தாங்கறது என் வேலை இல்ல. பன்னெண்டுக்கு நடு மடைக்காரங்க முறை."

"அடுத்த புதனுக்கு நாத்து செத்துடும், முரியுக்கி."

"விதி அதுதான்."

அப்போதுதான் எங்களுக்கு அந்த ஒப்பந்தம் புரிந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கம்பூட்ஸைக் கழற்றி உள்ளேயிருந்த காகிதத்தைப் பிழிந்தாள். திரும்ப அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"குடிச்சதைக் கக்கினா?"

"என்னது?"

"குடிச்ச வயல் திரும்பக் கக்கினா அதுக்கு என்ன விதி?"

முரியுக்கி சாவிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். கக்கின தண்ணீருக்கு அவரிடம் விதி இல்லை. எங்கள் வாய்க்கால் பெர்பெத்துவாவின் வயலைத் தாண்டியதும் ஒரு படி கீழே இறங்குகிறது. வயலின் கீழ்மூலையில் வரப்பை வெட்டினால் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கே திரும்பிவிடும். நடுவில் எட்டு மடை. எல்லாம் எங்களுடையவை. "நடு மடைக்காரங்க முறையை விட்டுக் குடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் கடைசியில்.

பெர்பெத்துவா எங்கள் பக்கம் திரும்பினாள். "தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"பாட்டுப் பாடினீங்களா?"

"பாடினோம்" என்றாள் வாங்கேச்சி ஈனக்குரலில்.

"இரக்கம் இன்னும் நாலு மணி நேரத்துக்குத் தாங்குமா?"

தாங்காது என்று எப்படிச் சொல்வது? அவள் மண்வெட்டியால் வரப்பை வெட்டினாள். நாங்கள் ஆளுக்கொரு மடையை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டோம். உட்காராவிட்டால் எங்கள் வீட்டு ஆண்கள் வந்து திறந்துவிடுவார்கள். அடுத்த மடையில் நடந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எந்திரி, நம்ம முறை ஆரம்பிச்சாச்சு" என்றார் வாங்கேச்சியின் கணவர்.

"முடியாது. முட்டி பிடிச்சுக்கிச்சு."

"அப்ப ஏன்டி இங்க வந்து உக்காந்த?"

"ஜெபம் பண்றேன்."

"மடை மேலயா?"

"உனக்காகத்தான் பண்றேன், போ."

பெர்பெத்துவா தண்ணீரின் நுனியோடு கூடவே கரையில் நடந்தாள். அது புல்லில் தயங்கினால் புல்லை இழுத்துப்போட்டாள், நத்தைக் கூட்டத்தில் தேங்கினால் மண்வெட்டியால் தள்ளினாள். கடைமடைக்கு இருபது அடி முன்னால் நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொமித்தில்லா. நடுவில் முரியுக்கி.

"சொல்லுங்க அவகிட்ட, தண்ணி சேறா வருது."

"சொல்லுங்க அவகிட்ட, சேறு என் வயல் உரம். சும்மா வருது."

"சொல்லுங்க அவகிட்ட, நடவுக்கு ஆள் இல்ல."

"சொல்லுங்க அவகிட்ட, சனிக்கிழமை எட்டுப் பேர் வராங்க. ஆறு மணிக்குக் கஞ்சி ரெடியா இருக்கணும்."

கழுத்து வலித்து முரியுக்கி போய்விட்டார். சனிக்கிழமை நட்டார்கள்.

பெர்பெத்துவாவின் வயல் அடுத்த வாரமே மறுபடி வெடித்தது. அவள் அடுத்த முறையையும் கீழே விட்டாள். சாலையில் போகிற மோட்டார்சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, "முனேனே அம்மா, வயல்ல தண்ணி எங்க?" என்று கத்துவார்கள். "உன் வண்டியில பெட்ரோலை வழிய வழியவா ஊத்தற?" என்று அவளும் கத்துவாள். கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சர்க்கரையைக் கொடுக்கவில்லை. "அது நான் பட்ட மனக்கஷ்டத்துக்கு" என்றாள் என்னிடம்.

போன ஞாயிறு பூசை முடிந்து, அவள் முற்றத்தில் தேநீருக்காக உட்கார்ந்திருந்தேன். தொமித்தில்லா வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. என்னைக்கூட நடுவில் வைத்துக்கொள்ளவில்லை. நேராக மேற்குச் சுவருக்குப் போய், மிச்சமிருந்த ஒரே கூரைக்குழாயை ஆட்டிப் பார்த்து, கம்பியைப் பிரித்து, அதைக் கழற்றிக் கையில் இடுக்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம்தான் கிடங்கு" என்றார் கிச்சோபி, வானத்தைப் பார்த்தபடி. மலை மேல் கறுத்திருந்தது. "நான் படுக்கறது அங்கதான்."

பெர்பெத்துவா என் தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாள். கரியை ஊதி, அதற்குள் நாலங்குல ஆணியைச் செருகினாள்.