ரசூல் பாயின் இடது கால்

வெயில் மண்டையைப் பிளக்கும் பகலில், வேங்கிக்கால் சாலையில் ஒரு கார் வைப்பரை ஆட்டிக்கொண்டே வலது பக்கம் திரும்பினால், உள்ளே இருப்பது குலாம் ரசூல் பாய் என்று எங்கள் தெருக்காரர்கள் எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். நேற்று அவர் ஓட்டிய வண்டியில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம் இருந்தது. இன்றைய வண்டியில் அது இடது கைப்பக்கம், வலது கைப்பக்கம் இருப்பது வைப்பர். பாயின் கைக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட, கார் நேராகத்தான் போகிறது என்று நம்பி மோட்டார் சைக்கிள்காரன் பக்கத்தில் நுழைய, பாய் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இண்டிகேட்டர் போட்டா பாக்க மாட்டியாப்பா?" என்பார். கோபம் நிஜமான கோபம்தான்.

அவர் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருந்தும் ஓட்ட முடியாதவர்கள் போன் செய்தால் போய், அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவார். நடிகர்கள் ஒரு வேஷத்தைக் கலைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார்கள். பாய் எதையும் கலைப்பதில்லை.

கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒரு வண்டில ஏறினா முந்தின வண்டிய மறந்துடணும் சார். டிரைவிங்னா அவ்ளோதான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அது கம்மி," என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டிய வாரத்தில் கல்யாணக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போனவர், மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்த நேரத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி ஹாரன் அடித்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை லோடு ஏற்றி வந்த மறுநாள், ஒரு சின்னக் காரை லாரி போல அகலமாக வளைத்து, இளநீர்க் கடைக்காரரை எழுந்து ஓட வைத்தார். சொந்தமாக அவருக்கு இருப்பது ஒரு மொபெட். அதில் உட்கார்ந்ததும் கை தானாக வலது தோளுக்கு மேலே போய் சீட் பெல்ட்டைத் தேடும். கிடைக்காவிட்டால் தோளைச் சொறிந்துவிட்டு இறங்கும்.

இதையெல்லாம் ஊர் சிரித்துப் பொறுத்துக்கொண்டது. பொறுக்காமல் போனது இடது கால் விஷயத்தில்தான். இப்போது வருகிற கார்களில் பல ஆட்டோமேட்டிக், கிளட்ச்சே கிடையாது. ஆனால் வண்டியை நிறுத்தப் போகும்போது பாயின் இடது கால், ஆயுசு முழுக்கப் பழகியபடி, கிளட்ச்சைத் தேடிக் கீழே போகும். அங்கே அகப்படுவது அகலமான பிரேக். கிளட்ச்சை மிதிக்கிற வேகத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகுமோ, அது போன மாதம் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஆனது. முன்னால் நடந்த வெளியூர் பக்தர் ஒருவர் மலையைக் கண்டதும் நடுரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டார். பக்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்னதானத்துக்குக் கொண்டுபோன சாம்பார் வாளியை மடியில் வைத்திருந்த கார் முதலாளியின் மாமனார் சாம்பாரில் குளித்து எழுந்தார். நல்லவேளை, ஆறின சாம்பார்.

சேதி ஊரெல்லாம் பரவியது. பாய்க்கு போன் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. அவர் மனைவி முன்னி பேகம் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "தெனம் போனுக்கு சார்ஜ் போட்டுட்டு அது பக்கத்துலயே உக்காந்துங்கிறாரு சார், யாராவது கூப்புடுறாங்களானு. நீங்கதான் எங்கயாவது சொல்லி வைக்கணும்," என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு எழிலரசிக்கு டிரைவர் தேவைப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் சிஸ்டர்தான். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, பயிற்சிக்காகத் தினமும் டவுனுக்குப் போய்வர வேண்டியிருந்தது. சென்னையில் இருக்கும் மகள் சினேகா ஒரு கார் வாங்கி அனுப்பியிருந்தாள். ஆட்டோமேட்டிக். நான் பாயின் பெயரைச் சொன்னேன். சாம்பார் கதை சிஸ்டருக்கும் தெரிந்திருந்தது.

"ஒருநாள் ஓட்டட்டும், பாக்கலாம். நீங்களும் கூட வாங்க. என் முட்டி மட்டும் முன் சீட்ல இடிச்சுதுன்னா அதோட சரி. அப்புறம் அவரு வர வேணாம்."

பாய் முதலில் கண்ட உபாயம், இடது காலை மடித்து சீட்டின்மேலேயே வைத்துக்கொள்வது. வாசலில் காரை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டும்போதே சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். "பந்தியிலயா உக்காந்திருக்கீங்க பாய்? கால எறக்குங்க." கால் இறங்கியது. மறுநாள் காலை பார்த்தால், பிரேக்குக்கு இடது பக்கம், காலைச் சும்மா வைக்கிற இடத்தில், கறுப்பு ரெக்சின் தைத்த தடித்த ஸ்பாஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. பழைய சோபாவிலிருந்து வெட்டி முன்னி பேகம் தைத்துக் கொடுத்ததாம்.

"என்ன பாய் இது?" என்றேன்.

"கிளட்ச்சு சார்."

"ஆட்டோமேட்டிக்ல ஏது கிளட்ச்?"

"வண்டிக்கு வாணாம் சார். காலுக்கு வேணும். இத்தினி வருஷம் ஒழைச்ச காலு, சும்மா இருன்னா இருக்குமா?"

முந்தின வண்டியை மறப்பது பற்றிய பாடத்தை நினைவுபடுத்த நாக்கு துறுதுறுத்தது. அவர் நெற்றியில் வேர்வையைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

புறப்பட்டோம். தெருமுனையில் ஸ்பாஞ்சை மிதித்தார். இல்லாத கிளட்ச் இறங்கியது. வேகத்தடையில் மிதித்தார். டவுனை நெருங்கும் இடத்தில் மலை முழுசாகத் தெரிந்தது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், குழந்தை குட்டியோடு, அப்படியே மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பியது. பாயின் இரண்டு கால்களும் ஒன்றாக இறங்கின. இடது கால் ஸ்பாஞ்சுக்குள் முழுகிப்போக, வலது கால் பிரேக்கைப் பதமாக அழுத்த, ஆடும் தொட்டிலைக் கைகொடுத்து நிறுத்துகிற மாதிரி கார் நின்றது. குடும்பம் கும்பிட்டு முடிக்கும்வரை பாய் ஹாரன்கூட அடிக்கவில்லை.

நான் பயத்தோடு பின்னால் திரும்பினேன். சிஸ்டரின் முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. ஆனால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலது பாதம் காரின் தரையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. சர்வீஸ் முழுக்க அவர் டியூட்டிக்குப் போனது பழைய கியர் ஸ்கூட்டரில். அதில் பிரேக் வலது காலில்.

"யாராவது குறுக்க வந்தா தானா போவுது," என்றார், தப்பை வேறு யாரோ செய்துவிட்ட மாதிரி. "கால அமுக்கக் கூடாதுனு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்றாரு."

பாய் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

திரும்பி வந்து இறங்கியதும் சிஸ்டர், "நாளைலேர்ந்து தெனம் வந்துடுங்க பாய்," என்றார். பாய் வெறுமனே தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் புதுக் காரின் கதவைப் பழைய ஜீப் கதவு போல அறைந்து சாத்தினார். சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார்.

மறுநாள் காலை பாய் சீக்கிரமே வந்துவிட்டார். பின்கதவைத் திறந்து, சாலையில் முட்டி போட்டு, உள்ளே தலையை விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றியபடி சிஸ்டர் வந்தபோது, அவருடைய வலது கால் வைக்கும் இடத்தில் இன்னொரு கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது.

சிஸ்டர் அதைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். தடியை உள்ளே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து, வலது பாதத்தை அதன்மேல் வைத்து, மெதுவாக ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார்.