ஆல்ரெடி போட்ட டீ

இன்று என்னைப் பார்க்க வருகிற மகள் காலையில் கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். எங்கே இருக்கிறாய் என்றேன். "ஆல்ரெடி கெளம்பிட்டேம்பா." பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. பஸ்ஸில் குக்கர் ஏது?

இந்த ஆல்ரெடி எனக்குப் பழைய சொந்தம். அஞ்சாம் வகுப்போடு தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவன் நான். இந்த ஒரு இங்கிலீசைத் தோட்டத்துக் கிளாக்கரையாவிடம் படித்தேன். வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். அவர் வாயில் வந்தால், இன்னும் தொடங்கவில்லை என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அப்போது நாங்கள் வரிசை வீடாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம் ஓட்டை. என் வீட்டுக்காரி செல்லம்மா ஏழு மாசம். கட்டிலுக்கு நேராக ஒழுகும். வாளி, சட்டி, கடைசியில் சோத்துப் பானையும் வைத்தாயிற்று. நனைந்த தகர வாடை இப்பவும் மூக்கில் இருக்கிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்பேன்.

"ஐயா, தகரம்..."

"ஆல்ரெடி எழுதி மேல அனுப்பியாச்சுப்பா."

மேலே என்றால் எங்கே? அண்ணாந்து பார்த்தேன். மழைதான் வந்தது.

ஒரு நாள் வீட்டுக்கு வீடு பேர் பதிய அவரே லயத்துக்கு வந்தார். எங்கள் காம்பராவில் நுழைந்ததும் பிடித்தது மழை. ஒழுகாத இடம் பார்த்து ஸ்டூல் போட்டோம். அங்கேயும் ஒழுகியது. மனுசன் உள்ளேயே குடையை விரித்துக்கொண்டு எழுதினார்.

"குளிருது தங்கச்சி. டீ கெடைக்குமா?"

"ஆல்ரெடி போட்டாச்சுங்க" என்றாள் செல்லம்மா.

அடுப்பே பற்றவைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார்.

"ஆல்ரெடி மேல அனுப்பியாச்சுங்கய்யா. வரும்."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தகரத்தைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். குடைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ஒம் பொண்டாட்டி சரியான வாய்க்காரிப்பா." பிறகுதான் அவள் இஞ்சி தட்டி டீ போட்டாள்.

அந்த வாரமே தகரம் வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் தூக்கி வந்தபோது கட்டில் காய்ந்து கிடந்தது.

அந்த லயம் இப்போது இல்லை. கிளாக்கரையா இல்லை. செல்லம்மா போய் நாலு வருசம்.

பொழுது சாயத்தான் மகள் வந்து சேர்ந்தாள். "டீ இருக்காப்பா?"

"ஆல்ரெடி போட்டாச்சு" என்றேன்.

அவள் நம்பி, போடாத டீயை அடுப்படியில் போய்த் தேடினாள். செல்லம்மா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை.