தாலி கட்டிய நேரம்

பழைய கேமராவின் லென்ஸ்களை வைத்துக்கொண்டு கேமரா பாடியை மட்டும் மாற்ற நினைத்திருந்தேன். எதை வாங்குவது என்றுதான் குழப்பம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன அன்றும், மணவறைப் பக்கத்தில் நின்றபடி போனில் இரண்டு மாடல்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டு நிமிர்ந்தபோது மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருந்தார்.

"கேமரா சிக்கிருச்சுங்க" என்று பெண்ணின் அப்பாவிடம் பொய் சொன்னேன்.

அவர், "மெஷின் பழுதானா நீங்க என்ன தம்பி செய்வீங்க? நல்லதா ஒன்னு வாங்கிக்கங்க" என்றார். அதற்கு உதவியாக, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் நடக்கவிருந்த இன்னும் இரண்டு கல்யாணங்களையும் எனக்கே பேசி முடித்துக் கொடுத்தார்.

அந்த வருமானத்தில்தான் புது பாடி வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும், அவர் அன்போடு தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லாமலேயே திரும்பிவிட்டேன்.