கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா

யாருக்கும் காட்டாதீர்கள், ப்ளீஸ். ஸ்கிரீன்ஷாட்கூட வேண்டாம். அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பே நின்றுவிடும்.

அக்கா தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு மதுரைக்குப் போனதிலிருந்து, எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது.

இன்று என் தோழி ரம்யாவின் ஃபோனுக்கு அக்கா பேசினாள். "எக்மோர்ல ட்ரெய்ன் ஏறப்போறேன்டி. தாம்பரத்துல நிக்கும். வந்து மூஞ்சிய மட்டும் காட்டு, போதும்."

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். தாம்பரம் வழியாக யார் ஊருக்குப் போனாலும் ஜன்னலில் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மதியம் நான் சாப்பிடாமல் வைத்திருந்த அம்மாவின் புளியோதரையைக் கையில் வைத்திருந்தேன்.

ரயில் வந்தது. அக்கா ஏசி பெட்டியில் இருந்தாள். நான் டிபன் பாக்ஸை ஜன்னலுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, அது தொறக்காது! கதவாண்ட ஓடு!" என்று கத்தினார் ஒரு போர்ட்டர் அண்ணா.

கதவில் சூட்கேஸ்களோடு ஒரே கூட்டம். "இரும்மா, நாங்க ஏற வேணாமா?" என்று தள்ளினார்கள். திரும்பவும் ஜன்னலுக்கே வந்தேன். அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். அவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். வண்டி நகர்ந்துவிட்டது.

புளியோதரையை நானே சாப்பிட்டேன். இப்போது வீட்டில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உங்களில் யாருக்காவது உதட்டசைவைப் படிக்கத் தெரியுமா? முதலில் "அம்மா" என்றாள், அது நிச்சயம். அப்புறம் உதட்டைக் குவித்து,

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்