கொட்டிலில் நாலு பேர்

இன்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடுவீடாகப் போய்ப் பறவைக் காய்ச்சல் விபரம் எடுத்தேன்.

வாவிக்கரைக் கொட்டிலில் ஒரு அம்மாவும் மூன்று கோழிகளும்தான் இருந்தார்கள்.

"வீட்டில எத்தின பேரம்மா?"

"நாலு பேர், மகன்."

மற்ற மூவரும் எங்கே என்று கேட்டேன்.

"பொடியன்மார் ரெண்டு பேரையும் கடல் கொண்டுபோயித்து. மறுகா சண்டை நேரம் மனிசன் ஷெல் விழுந்து போயித்தாரு."

வீட்டில் யாராவது காய்ச்சலில் இறந்தார்களா என்பது அடுத்த கேள்வி. நான் அதைக் கேட்குமுன் படிவத்தை அவரே எட்டிப் பார்த்தார்.

"காய்ச்சலில ஒருத்தரும் சாகல்ல எண்டு எழுதுங்க. கோழியளக் கொண்டுபோயிராதீங்க."

அப்படியே எழுதினேன்.

ஆட்கள் தொகையை நாலு என்றே விட்டிருக்கிறேன். நாளைக்கு அதிகாரி திருத்தச் சொன்னால் எந்த மூன்று பேரை வெட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.