ஒரே ஒரு கணக்கு சார்

பாடம் நடத்தத் தெரிந்தால் போதும், கோச்சிங் சென்டர் தானாக நடக்கும் என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை நம்பினார். நல்ல நம்பிக்கைதான், போங்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், குரூப் ஃபோர் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தோம். கணக்கு அவர். மற்ற பாடங்களுக்கு ஆள் போட்டிருந்தோம். மிச்சமெல்லாம் நான். டிகிரி முடித்த எங்கள் ஒரே மகளும் அவர் கிளாஸில்தான் உட்கார்ந்து படித்தாள்.

மிச்சம் என்றால் லேசா? ராயகிரிப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி கிளாஸை முடிக்க வேண்டும். இவரோ போர்டைப் பார்த்தால் ஊர் உலகத்தை மறந்துவிடுவார். வாசலில் நின்று நான்தான் தொண்டையைச் செருமுவேன். விசாரிக்க வருகிற அப்பாமார், வேலை கண்டிப்பாகக் கிடைத்துவிடுமா என்று கேட்பார்கள். கிடைக்கும் என்றால் பொய். தெரியாது என்றால் எழுந்து போய்விடுவார்கள். "பிள்ள ஒரு வாரம் வந்து உக்காரட்டும், பிடிச்சிருந்தா பேசுவோம்" என்பேன். உட்கார்ந்த பிள்ளை போகாது. அவர் நடத்துகிற கணக்கு அப்படி.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை நல்லது கெட்டதுக்குப் போவது. பிள்ளைகள் வீட்டில் சாவு என்றால், பனவடலிசத்திரமோ சிவகிரியோ, துட்டி கேட்க முதல் ஆளாகப் போய் நிற்பேன். அவருக்கு அது கேலி.

"ஏட்டி, நாம கோச்சிங் சென்டர் நடத்துதோமா, துட்டி கேக்க கம்பெனி நடத்துதோமா?"

"நீங்க போர்டப் பாருங்க, நான் ஊரப் பாக்கேன்" என்பேன். துட்டி வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவளை யாரும் மறப்பதில்லை. அடுத்த வருஷம் அந்தத் தெருவிலிருந்தே பிள்ளைகள் வரும். அதற்காக என் அழுகை பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் என் பேச்சு எடுபடவில்லை. கணக்குக்கு இன்னொருவரையும் பழக்கி வைப்போம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "என் கிளாஸ இன்னொருத்தன் எடுக்கவா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

செத்துத்தான் போனார். பரீட்சை நெருங்கிய நேரம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. இவ்வளவு அவசரமாகப் போகிற மனுஷன் என் பேச்சைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

நான் துட்டி கேட்கப் போன வீடெல்லாம் திரண்டு வந்தது. தாய்மார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் எல்லோரும் சொல்லாமலே எழுந்து போனார்கள்.

காரியம் முடிந்து சென்டரைத் திறந்தேன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் கைடைப் பார்த்துப் போர்டில் எழுதினார், எழுதியதை அழித்தார். பிள்ளைகளும் சொல்லாமலே போக ஆரம்பித்தார்கள். ரத வீதிப் பக்கம் இருந்த இன்னொரு சென்டரில் சேருகிறார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராயகிரிக்காரர் ஒருவர் மட்டும் நேரில் வந்து, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"எம்மா, உங்க மேல ஒரு குறையும் இல்ல. சாரு இருந்தா நான் மாத்துவனா? பரீட்சை பக்கத்துல வந்துட்டு. பிள்ள வாழ்க்கைல்லா."

"உங்க எடத்துல இருந்தா நானும் இதத்தான் செய்வேன் அண்ணாச்சி" என்றேன். அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. நானும் அந்த இடத்தில்தானே இருக்கிறேன்! என் மகளும் அதே பரீட்சையைத்தானே எழுதப் போகிறாள்!

கிளாஸ் முடிந்து வந்தவளிடம், "நீயும் அங்கன போயி படிக்கியா?" என்று கேட்டேன்.

"சார் மகளே போயிட்டான்னா பெறவு இங்க யாரும்மா இருப்பா?" என்றாள். சென்டருக்காகத் தன் பரீட்சையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சென்டர் போனால் போகட்டும் என்று அன்றைக்கே அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த சென்டரை நடத்துகிறவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான்தான் ஆரம்பித்தேன். "இவளையும் சேத்துக்கிடுங்க சார். கணக்குதான் பாதியில நிக்கி."

"சார் எதுவரைக்கும் முடிச்சிருந்தாவ?"

அத்தனை வருஷம் அந்த வாசலில் நின்றவள் நான். எனக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன்.

"கூட்டு வட்டி முடிச்சிட்டோம் சார்" என்றாள். "அதுக்கு மேல அப்பா எடுக்கல."