யாரும் தொடாத கேபிள்

என் மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் கிடக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள் இந்தக் கேபிளைத் தொடக்கூடாது என்று அதில் மலாயில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். நான்கு மூலையிலும் டேப்பின் பிசுக்கு. பார்க்கும்போதெல்லாம் வாய் கசக்கும். ஆனாலும் எறியவில்லை.

மலேசியாவின் குருணில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் சேர்ந்து நான்கு மாதமாகியிருந்தது. எஸ்டேட்டில் வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். கணினிப் பிரிவுத் தலைவரும் தமிழர்தான். ஒருமுறை வாய்தவறி அண்ணே என்றதற்கு, "அதெல்லாம் உங்க எஸ்டேட்டோட வெச்சிக்கமா. இங்க போஸ்னுதான் கூப்பிடணும்" என்றார். பெட்டி கட்டும் பகுதியில் இருந்த கணினி அடிக்கடி நெட்வொர்க்கை இழந்து உற்பத்தி லைனை நிறுத்திக்கொண்டிருந்தது. நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவரில் கோளாறு. சரியான புதிய டிரைவரும் கையில் இருந்தது. ஆனால் பழையது இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்ததால் அதைக் கழற்ற முடியாது. "கெர்னலயே திரும்ப கம்பைல் பண்ணணும். செஞ்சா வாரண்டி போச்சு. இதுகூட தெரியாம என்னத்த படிச்ச?" என்றார் போஸ்.

கம்பைல் செய்து கெர்னலைத் திரும்பக் கட்டவே தேவையில்லை. பழைய டிரைவர் உள்ளேயே கிடக்கட்டும். அது பிடித்திருக்கும் அட்டையை மட்டும் விடச் சொன்னால் போதும். முதல் கட்டளையில் அது பிடியை விடும், இரண்டாவதில் புதியது பிடித்துக்கொள்ளும். வேறொரு கணினியில் செய்து பார்த்துவிட்டு, சிடாம் கிரியிலிருந்து என்னோடு ஒரே வேனில் வரும் கூட்டுகிற அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். "டிரைவர மாத்த வேனயே ஒடைக்கணும்னாரா உங்க போஸு? வேன்காரன்கிட்ட, 'தம்பி, நீ எறங்குலா'ன்னா முடிஞ்சிச்சு" என்று சிரித்தார்.

இரண்டு கட்டளை வரிகளையும் எழுதி போஸிடம் கொடுத்தேன். கணினியின் முன்னால் உட்கார்ந்துதான் தட்ட வேண்டும் என்றும் சொன்னேன். அறையிலிருந்து நெட்வொர்க் வழியாகத் தட்டினால் முதல் வரியிலேயே அந்தத் தொடர்பு அறுந்துபோகும்; இரண்டாவது வரி போய்ச் சேராது. தலையாட்டினார். நான் சாப்பிடப் போன நேரத்தில் தன் ஏர்கோன் அறையிலிருந்தே தட்டிவிட்டார்.

நான் ஓடிவந்தபோது லைன் நின்றிருந்தது. தரை துடைக்கும் மோப்பை இழுக்கும்போது கிளீனர் கேபிளைக் கழற்றிவிட்டார் என்று போஸ் நிர்வாகியிடம் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. துப்புரவுக் குத்தகைக்காரரின் சூப்பர்வைசர் அக்காவின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து வாங்கிவிட்டார். அது போனால் வேலை போனது. குத்தகை ஆட்களை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. "நான் அந்தப் பக்கமே போவலம்மா" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

கேபிளை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணினியின் முன்னால் உட்கார்ந்து இரண்டாவது வரியைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. லைன் ஓடியது. "கேபிள் கழலவே இல்லை" என்றேன். நிர்வாகி சூப்பர்வைசரைப் பார்த்தார். அடையாள அட்டை அக்காவிடம் திரும்பியது. கெர்னலைத் தொடாமலே டிரைவரைத் தானே மாற்றிவிட்டதாகப் போஸ் அதே வாயால் நிர்வாகியிடம் சொன்னார். அருவருப்பாக இருந்தது. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்ததால், முதல் வரியைத் தட்டியது யார் என்று நான் சொல்லவில்லை. அது அதைவிட அருவருப்பு.

மறுநாள் காலை, கேபிளைத் தொடக்கூடாது என்ற அந்தத் தாளைப் போஸ் கணினிக்கு மேலே ஒட்டியிருந்தார். வெளியாட்கள் வந்தால் போஸ் அதைக் காட்டி, கிளீனர் கெடுத்ததைத் தான் சரிசெய்த சாமர்த்தியத்தைச் சொல்வார். பக்கத்தில் அக்கா கூட்டிக்கொண்டிருப்பார். தினமும் அந்தத் தாளையும் துடைப்பார். கிழித்துவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். "வேணாம்மா. தாளு காணாமப் போனா அதயும் நான்தான் தொட்டேம்பாரு" என்றார்.

போஸ் பதவி உயர்ந்து சுங்கைப் பட்டாணிக் கிளைக்குப் போன அன்றுதான் அதைக் கழற்றினேன். அக்காவின் குத்தகை அதற்கு முந்தைய மாதமே முடிந்துவிட்டது. அந்தக் கணினியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பழைய டிரைவர்தான் முதலில் அட்டையைப் பிடிக்கிறது. என் இரண்டு வரிகள் அதை விடவைக்கின்றன. அதை எடுத்தெறிய இன்றுவரை வழியில்லை.

தாளை இன்று மறுபடி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அன்று பாதியில் நிறுத்தியதை இங்கே எழுதி முடிக்கிறேன்: கேபிளை யாரும் தொடவில்லை. முதல் வரியைத் தட்டியவர் போஸ்.